புது டூ ஸ்ட்ரோக், பழைய சதுப்பு

புது ஸ்க்ரம்ப்ளர் லாரியிலிருந்து இறங்கி வாசலில் நின்றதும் கிக்கரை உதைத்துப் பார்க்கக் கால் பரபரக்கும். சிலாங்கூரின் புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் அதை வாங்கியவர் முதலில் எடுக்க வேண்டியது ஸ்பேனர். பின்சக்கரத்தைக் கழற்றி, ஸ்விங் ஆர்மையும் அதன் அடியில் இருக்கும் லிங்கேஜையும் பிரித்து, உள்ளே ஊசி ஊசியாக அடுக்கியிருக்கும் பேரிங்குகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் விரலில் ஒட்டுவது மெல்லிய கிரீஸ் பூச்சுதான். ஐரோப்பாவின் காய்ந்த காட்டுப் பாதையில் அது ஒரு பருவம் தாங்கலாம். இங்கே சில மழைக்குள் அந்த ஊசிகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. மண்ணும் காரணம்.

ஜெரம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் என்று நீளும் கடலோரச் சமவெளியில் பெரும்பகுதி கடல் விட்டுப்போன களிமண். கரை கட்டிக் கடலைத் தடுத்து, கான் வெட்டி நீரை வடித்து, தென்னையும் ரப்பரும் பிறகு செம்பனையும் நட்ட நிலம் அது. அதற்கு முன்னால் அங்கே சதுப்புக்காடு இருந்தது. காற்றுப் புகாத அந்தச் சேற்றில், அழுகிய இலைதழைகளைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றின. அது மண்ணின் இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாகப் படிந்தது. நீருக்கு அடியில் கிடக்கும்வரை பைரைட்டால் ஒரு தொல்லையும் இல்லை. கான் வெட்டி நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாகவும் இரும்பு உப்புகளாகவும் உடைகிறது. மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இப்படிப்பட்ட அமில சல்பேட் மண் பல இடங்களில் திட்டுத்திட்டாக இருக்கிறது. அதன் பி.எச். அளவு 3.5-க்கும் கீழே போகக்கூடும். எலுமிச்சைச் சாற்றுக்கு அது வெகு தூரமில்லை.

கண்ணாலேயே இதை அடையாளம் காணலாம். புதிதாகத் தூர்வாரிய கானின் கரையில் அள்ளிப் போட்ட சாம்பல் நிறக் களிமண் சில வாரம் காய்ந்த பிறகு, அதன் வெடிப்புகளில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் படிந்திருந்தால் அது ஜாரோசைட். பைரைட் அமிலமாக மாறியதற்கு அதுவே சாட்சி. தேங்கிய கான் நீரின் மேல் வானவில் போல மினுங்கும் ஏடு இன்னொரு அறிகுறி. லாரி எண்ணெய் கசிந்திருக்கிறது என்று பலர் நினைப்பார்கள். ஒரு குச்சியால் அதைக் கலைத்துப் பாருங்கள். எண்ணெயாக இருந்தால் சுழன்று மறுபடி கூடிக்கொள்ளும். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால், அது இரும்பை உண்ணும் பாக்டீரியாக்கள் விரித்த படலம்.

மோட்டாருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஸ்க்ரம்ப்ளரில் நிறைய பாகங்கள் அலுமினியம். அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். உண்மையில் காற்றுப் பட்ட கணமே அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு தோல் உருவாகி, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. பி.எச். ஏறக்குறைய 4 முதல் 8.5 வரை உள்ள நீரில்தான் அந்தத் தோல் நிலைக்கும். அதற்குக் கீழே அமிலம் அதைக் கரைக்கிறது, அதற்கு மேலே காரமும் கரைக்கிறது. கடற்காற்றில் வரும் உப்போ தோலில் ஊசித் துளைகள் போடும். இரும்பு போல்ட் அலுமினிய உடலில் ஏறும் இடத்தில் அமிலச் சேறும் புகுந்தால் அங்கே ஒரு சின்ன மின்கலமே உருவாகி, அலுமினியம் அரிக்கப்படும். ஆறு மாதம் கழித்து அந்த போல்ட்டைக் கழற்றப் போனால் மரையும் சேர்ந்து வந்துவிடும்.

அதனால்தான் முதல் நாளிலேயே பிரித்துப் பூசச் சொல்கிறேன். நீர்புகா கிரீஸை லிங்கேஜ், ஸ்விங் ஆர்ம், ஹேண்டில் தலையிலுள்ள பேரிங்குகள், இரண்டு சக்கரத்தின் அச்சுகள், சீல்களின் உதடுகள் எல்லாவற்றிலும் தாராளமாக வைக்க வேண்டும். கேடிஎம்மின் சில வண்டிகளில் லிங்கேஜே கிடையாது, ஷாக் நேரே ஸ்விங் ஆர்மில் அமரும். அந்த வேலை அவற்றில் மிச்சம். மற்றவற்றில் ஒரு பிற்பகல் போகும். பட்டறையில் கொடுத்தால் “புது மோட்டாரைப் போய் ஏன் பிரிக்கணும், அண்ணே?” என்று கேட்பார்கள். பிடிவாதமாக நில்லுங்கள்.

வெளியே பாதுகாத்தாயிற்று. உள்ளே டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் சங்கதி வேறு. இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே என்ற பொறியாளர் 1891-இல் உரிமம் எடுத்த அமைப்பின் வழித்தோன்றல்தான் இன்றைய எஞ்சினும். பிஸ்டனுக்கு மேலே எரிப்பு நடக்கும்போதே, அதன் அடியில் கிராங்க் இருக்கும் அறை ஒரு துருத்தியாக வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே ஏறினால் காற்றும் பெட்ரோலும் அடியறைக்குள் இழுக்கப்படும். கீழே இறங்கினால் அந்தக் கலவை அழுந்தி, பக்கவாட்டு வழிகளில் மேலேறி எரிப்பறையை நிரப்பும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடினால் நொடிக்கு 133 தடவை. எடை குறைவாகவும் இழுப்பு மூர்க்கமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் கிராங்க் அறையே காற்றுப் பாதையாகிவிட்டதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயிர். ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் மணலும் அதே வழியில், முதலில் கிராங்க் பேரிங்கைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் காற்று கிராங்கின் பக்கமே எட்டிப் பார்க்காது.

ஈஜோக் பக்கத்துச் செம்மண் சடக்கிலும், பெஸ்தாரி ஜெயாவில் ஈயம் எடுத்த குட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் மணலிலும் ஓட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஈயம் கழுவி ஒதுக்கிய மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். சாதாரண இரும்பைவிடக் கடினம். இரண்டு அடுக்கு நுரை ஃபில்டர், அதற்கென்றே விற்கும் ஒட்டும் எண்ணெய், ஃபில்டர் விளிம்பு பெட்டியோடு சேரும் இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு கிரீஸ் ஆகிய மூன்றையும் புது வண்டி என்பதற்காகத் தள்ளிப் போடக் கூடாது. கடையிலிருந்து வரும் ஃபில்டரில் எண்ணெய் போதிய அளவு இருக்கும் என்று நம்பவும் கூடாது. கழற்றி, இரண்டு கைக்கும் நடுவில் வைத்துப் பிசைந்து, நிறம் எங்கும் ஒரே சீராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெளுத்த திட்டு இருந்தால் அந்த வழியாகத்தான் மணல் போகும். ஃபில்டரைக் கழுவுவதற்குப் பெட்ரோல் வேண்டாம். நுரையை ஒட்டியிருக்கும் பசை அதில் இளகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

முன்னால் வளைந்து வயிறு பெருத்துப் போகும் எக்ஸாஸ்ட் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950-களில் அதை ஒரு அறிவியலாகவே வளர்த்தெடுத்தார். புகை வெளியேறும்போது எழும் அழுத்த அலை குழாயின் அகன்ற பாகத்தில் உறிஞ்சுவிசையாகத் திரும்பி, சிலிண்டரைக் காலி செய்ய உதவும். பிறகு குறுகும் பாகத்தில் மோதித் திரும்பும் அலை, வெளியே தப்பி ஓடிய புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200. அந்த ஆண்டே அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று சுசூக்கியில் சேர, அந்த நுட்பமும் அவரோடு ஜப்பானுக்குப் போனது. நம்மூர்ச் சாலைகளில் ஏறத்தாழ இருபது ஆண்டு ராஜாவாகத் திரிந்த யமஹா 125 இசட்டின் சீற்றமும், தமிழ்நாட்டில் 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100-இன் ஓசையும் இந்த அலைக் கணக்கிலிருந்து வந்தவை. ஆகவே அந்தக் குழாயில் பெரிய ஒடுக்கு விழுந்தால் அழகு மட்டும் கெடுவதில்லை. அலை திரும்பும் நேரம் மாறி, எஞ்சினின் குணமே மாறும். இந்த வண்டிக்கு முதலில் காசு செலவழிக்க வேண்டிய கவசம் குழாய்க் காப்புதான் என்பது என் கருத்து.

இனி காற்று. கார்புரேட்டர் வண்டியின் ஜெட்டுகள் பொதுவாக மிதமான வெப்பநிலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கடல்மட்டத்தில் 15 டிகிரி உலர்ந்த காற்று ஒரு கன மீட்டருக்கு 1.225 கிலோ எடை இருக்கும். கோல சிலாங்கூரில் நடுப்பகல் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால் 1.14 கிலோதான் வருகிறது. அதிலும் ஒரு பங்கு நீராவி. நீராவியில் எரிய உதவும் ஆக்சிஜன் கிடையாது. நீராவியைக் கழித்தால் எரிப்புக்குப் பயன்படும் காற்று ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்று லேசாகும்போது பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை, எனவே கலவை சில சதவீதம் கெட்டியாகிறது. பிளக் கறுத்து ஈரமாவது, தாழ்ந்த வேகத்தில் தடுமாறுவது, குழாய் மூட்டில் கருப்பு எண்ணெய் வழிவது எல்லாம் இதன் அடையாளம். ‘மோட்டார் சரியில்லை’ என்று பேசுவதற்கு முன் கையேட்டைத் திறந்து பாருங்கள். கேடிஎம் கார்புரேட்டர் வண்டிகளின் கையேட்டில் உயரமும் வெப்பநிலையும் வைத்து ஜெட், ஊசி, காற்று ஸ்க்ரூ எவ்வளவு என்று அட்டவணையே இருக்கும். நமக்கு வேண்டியது கடல்மட்ட வரிசையில் வெப்பம் கூடிய கட்டம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இளம் காப்பி நிறம் வந்தால் சரி. வெளுப்புக்கு மட்டும் போய்விடக் கூடாது. கெட்டியான கலவை பிளக்கைத்தான் கெடுக்கும், நீர்த்த கலவை பிஸ்டனையே உருக்கும். 2018 மாடலிலிருந்து கேடிஎம் கொண்டுவந்த இன்ஜெக்ஷன் வண்டிகள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாமே அளந்துகொள்ளும்.

எண்ணெய் விகிதம் பற்றிப் பட்டறைகளில் தீராத வாதம் நடக்கும். யமஹா ஒய்இசட் 250-க்கு 30-க்கு 1, கேடிஎம்மின் பல வண்டிகளுக்கு 60-க்கு 1. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு முதலாவதில் 167 மில்லி, இரண்டாவதில் 83 மில்லி. யார் சொல்வது சரி என்று கேட்பதைவிட, உங்கள் வண்டியின் கையேடு சொல்வதைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஒன்றை மட்டும் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பாதுகாப்புக்காக எண்ணெயைக் கூட்டினால் கலவை கெட்டியாகாது, நீர்த்துப்போகும். ஜெட் வழியாக ஓடும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது அல்லவா? ஆகவே விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் பார்க்க வேண்டும். ‘கண் அளவு’ வேண்டவே வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய ஊசிக்குழல் போதும். முதலில் காலிக் கேனில் எண்ணெய், பிறகு கொஞ்சம் பெட்ரோல், நன்றாகக் குலுக்கிவிட்டு மீதிப் பெட்ரோல். கலந்ததை நிறைய நாள் வைத்திருக்காதீர்கள். பாதி காலியான கேனில் இரவுக் குளிரில் நம் ஈரக்காற்று வியர்த்து நீர்த்துளியாக இறங்கும்.

முதல் சூட்டில் பிஸ்டன் எரிப்பின் வெப்பத்தை உடனே வாங்கி விரியும். தண்ணீர் சூழ்ந்த சிலிண்டர் மெதுவாகத்தான் சூடேறும். இடைவெளியோ தலைமுடி அளவுதான். குளிர்ந்த எஞ்சினை உதைத்ததும் முறுக்கினால் பிஸ்டன் நான்கு பக்கமும் கவ்விக்கொள்வது இதனால்தான். உதைத்து, மெதுவாகச் சூடேற்றி, ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் கைக்குச் சூடாகத் தெரியும் வரை ஓட விட்டு, அணைத்து, முழுக்க ஆற விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் ஏற்ற இறக்கமான வேகத்தில் ஓட்டலாம். ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பழகக் கொஞ்சம் அழுத்தமும் வேண்டும், ஆகவே பயந்து பயந்து ஊர்ந்து ஓட்டுவதும் தவறு.

நம் தோட்டங்களுக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. செம்பனை வரிசைகளுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் ஓடும் சடக்கு. முழு வேகத்தில் அதன் கோடி வரை போய், முனையில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை மூடினால், எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போதே எண்ணெய் வரத்து நின்றுவிடுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் வருவது பெட்ரோலோடுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். கிளட்ச்சைப் பிடித்து, இடையில் ஓரிரு முறை லேசாக முறுக்கிவிட வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் கியர் எண்ணெயை வடியுங்கள். வெள்ளிப் பொடி மாதிரி மினுங்கினால் கவலையில்லை, பற்கள் பழகுகின்றன. பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது.

சஸ்பென்ஷன் ஓட்டுகிறவரின் எடைக்கு அமைய வேண்டும். தொழிற்சாலை ஸ்பிரிங் பொதுவாக 75 கிலோ சுற்றுவட்டாரத்து ஆளுக்குக் கணக்கிட்டது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின் அச்சிலிருந்து மேலே ஃபெண்டரில் ஒரு குறி வரை அளந்துகொள்ளுங்கள். ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டி நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் தம்பியையோ மகனையோ மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 300 மில்லிமீட்டருக்கு 100 சுமாருக்கு இருக்க வேண்டும். அதைவிட அதிகம் அமர்ந்தால் முன்சக்கரம் லேசாகி, ஈரக்களியில் சொன்ன இடத்துக்குத் திரும்பாது. ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கியும் அளவு வரவில்லை என்றால் உங்கள் எடைக்கு வேறு ஸ்பிரிங் வேண்டும்.

டயரைக் குத்துவது கல்லைவிட மட்டைதான். வெட்டி வரிசைக்கு நடுவே அடுக்கிப் போட்ட செம்பனை மட்டையின் அடிப்பாகத்தில் இரண்டு ஓரமும் ரம்பம் போல முள் இருக்கும். காய்ந்தால் ஆணிக்குச் சமம். மட்டைக்குவியல் உள்ள வரிசையை விட்டு, குலை சுமக்கும் பாதை வரிசையில் ஓட்டுவது முதல் பாதுகாப்பு. தடித்த டியூப் அடுத்தது. காற்றைக் குறைத்தால் களியில் பிடிப்பு கூடும், கூடவே விளிம்பு வளைவதும் டியூப் கிள்ளப்படுவதும் கூடும். புது ஸ்போக்குகள் முதல் சில ஓட்டத்திலேயே தளரும், ஒவ்வொரு முறையும் தட்டிப் பாருங்கள்.

அடித்தட்டு, ரேடியேட்டர்க் காப்பு, கைக்காப்பு எல்லாம் பயனுள்ளவையே. ஆனால் கடைக்காரர் காட்டுவதையெல்லாம் மாட்டிக்கொண்டு வருவதை நான் ஆதரிக்க மாட்டேன். கல் நிறைந்த நாட்டுக்கு வடிவமைத்த அகலமான அடித்தட்டு, நம் களிமண்ணை எஞ்சினின் அடியில் கிலோக் கணக்கில் சுமந்து வரும். அந்தச் சேறு காயும்வரை அமிலமும் ஈரமும் உலோகத்தை விட்டு அகலாது. சேறு விழ ஓட்டைகள் உள்ள தட்டாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவுங்கள். ரேடியேட்டரின் இதழ்களில் சேறு அப்பினால் காற்று புகாது, வெயிலில் எஞ்சின் கொதிக்கும். வழியிலேயே நின்று தட்டிவிடுவது வேலையை மிச்சப்படுத்தும்.

கானைக் கடப்பதில் அவசரம் வேண்டாம். மேலே பாசி படர்ந்து ஆழமில்லாதது போல் தெரியும் கானில் இறங்கினால் இடுப்பளவு இருக்கும். எஞ்சின் ஓடும்போது தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். முழுகிவிட்டால் மறுபடி உதைக்காதீர்கள். கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகச் சாய்த்து, கிக்கரைக் கையால் அமுக்கி நீரை வெளியேற்றுங்கள். ஃபில்டரைப் பிழிந்து, கார்புரேட்டர்க் கிண்ணத்தை வடித்து, பிறகே உதைக்கலாம். வீடு வந்ததும் அன்றிரவே எஞ்சினைச் சூடேற்றி ஓட்டிவிட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று விட்டால் கிராங்க் பேரிங்கில் துரு முளைத்திருக்கும்.

கழுவும்போது அழுத்தக் குழாயை பேரிங், சீல், ஃபில்டர்ப் பெட்டிப் பக்கம் திருப்பாதீர்கள். எஞ்சின் ஆறிய பிறகே நீர் ஊற்றுங்கள். சூட்டில் ஊற்றினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் ஓரங்கள் வழியாக நீரை உறிஞ்சிவிடும். அடுப்படிக் கரி நீக்கும் காட்டமான காரத் திரவங்கள் அலுமினியத்துக்கு அமிலத்தைப் போலவே பகை. சாதாரணச் சோப்பும் நிறைய நல்ல தண்ணீரும் போதும். கழுவி முடித்து எஞ்சினைச் சிறிது ஓட விட்டு, செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

எங்கே ஓட்டுவது என்பதும் பாதுகாப்பில் சேர்த்தி. பந்தய ஸ்க்ரம்ப்ளர்களுக்குச் சாலைப் பதிவு கிடையாது, பெரிய சாலையில் ஏற்றக்கூடாது. உள்ளே போனால் ராஜா மூசா காட்டின் கரிச்சதுப்பு. அனுமதி இல்லாமல் அங்கே நுழைவது குற்றம், நுழைந்தவர் விட்டுவரும் தீயோ அதைவிடக் கொடியது. பாதி மக்கிய மரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டு அடுக்கிக் கிடக்கும் மண் அது. காய்ந்த மாதங்களில் தீ பிடித்தால் மண்ணுக்கடியிலேயே வாரக்கணக்கில் கனியும். 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்விரான்மெண்ட் சென்டர் அமைப்பும் அங்கே பழைய கால்வாய்களை அடைத்து, நீரைத் தேக்கி, மரம் நட்டுவருகின்றன. சிவக்கச் சூடேறிய குழாயோடு அங்கே வழி போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் நியாயப்படுத்த முடியாது. தோட்டங்களில் ஓட்ட நினைத்தால் ஆபீசில் போய்க் கேளுங்கள், லயத்துக்குச் சத்தம் தொந்தரவாகாத நேரமாகப் பார்த்து ஓட்டுங்கள். கிராணியிடம் கேட்டால், எந்த மலையில் நேற்று மருந்து அடித்தார்கள், எந்தப் பாதையில் குலை லாரி வரும், எந்தக் கானைப் போன வாரம் இயந்திரம் விட்டு ஆழப்படுத்தினார்கள் என்பதும் தெரிந்துவிடும்.